பீட்டாதானே, அப்படியே எடுத்துவிடலாமா? ஒரு வசதி வெளியாவதிலிருந்து விடைபெறுவது வரை

கேள்வி இதுதான்: "எங்கள் சேவையில் தரவை ஏற்றுமதி செய்யும் ஒரு வசதி இரண்டு வருடமாக பீட்டா என்ற பெயரிலேயே ஓடுகிறது. இப்போது அதைவிட நல்லதாக இன்னொன்றை எழுதிவிட்டோம், பழையதை நீக்க வேண்டும். பீட்டாதானே, முன்னறிவிப்பு எதற்கு, அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம் என்கிறார் மேலாளர். அது சரியா? ஆல்ஃபா, பீட்டா, ஜிஏ, டெப்ரிகேட்டட் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவற்றுக்கு நிஜமாகவே ஏதாவது பொருள் உண்டா?"

சரியில்லை. ஆனால் மேலாளர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது எங்கே பிசகுகிறது என்று புரிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். மற்ற குழுக்கள் நம்பியிருக்கும் நிரல் தொகுப்புகளைப் பராமரிப்பதுதான் பல வருடமாக என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆல்ஃபா என்பது ஆரம்பச் சோதனை நிலை, பீட்டா அதற்கு அடுத்தது, ஜிஏ (ஜெனரல் அவைலபிலிட்டி) என்பது எல்லோருக்கும் முறையாகத் திறந்துவிட்ட நிலை. இவை தரத்துக்குப் போடும் மதிப்பெண் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆல்ஃபா என்றால் ஓட்டை நிறைய, பீட்டா என்றால் ஓட்டை கொஞ்சம், ஜிஏ என்றால் ஓட்டை இல்லை என்று. நான் அப்படிப் பார்ப்பதில்லை. நாளை இந்த வசதி மாறினால் அதற்கான வேலையை யார் செய்ய வேண்டும் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. ஆல்ஃபாவில் மாறினால் முழு வேலையும் பயன்படுத்துகிறவர் தலையில், அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வந்தார். ஜிஏ வந்த பிறகு மாறினால் பெரும்பாலான வேலை வெளியிட்டவர் தலையில்: பழையதையும் ஓடவிட வேண்டும், மாறிப்போக வழி செய்து தர வேண்டும், அவகாசம் கொடுக்க வேண்டும். பீட்டா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால்தான் எல்லாச் சண்டையும் பீட்டாவில் நடக்கிறது.

இதை எழுத்திலேயே தெளிவாகப் போட்டு வைத்திருப்பவர்களில் குபர்னெட்டீஸ் (பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) ஒரு நல்ல உதாரணம். அவர்கள் கொள்கைப்படி ஒரு ஆல்ஃபா ஏபிஐயை (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகத்தை) எந்த அவகாசமும் இல்லாமல் அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிடலாம். பீட்டா என்றால் கைவிடுவதாக அறிவித்த பிறகு 9 மாதம் அல்லது 3 பதிப்புகள், எது அதிகமோ அதுவரை வைத்திருக்க வேண்டும். இங்கே கவனியுங்கள், பீட்டாவுக்கே 9 மாதம். "பீட்டாதானே" என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நிறுவனத்தில் இப்படி எழுதிவைத்த கொள்கை எதுவும் இல்லை என்று உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது. எழுதிவைக்காதபோது பீட்டா என்ற சொல்லுக்குப் பயனர் என்ன பொருள் கொண்டாரோ அதுதான் பொருள். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய ஒன்றை அவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

பீட்டா நீண்டுகொண்டே போவது புதிய நோய் இல்லை. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தது, பீட்டா என்ற முத்திரை 2009 ஜூலையில்தான் நீங்கியது. ஐந்து வருடத்துக்கும் மேல். அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் தங்கள் ஒரே மின்னஞ்சல் முகவரியாக அதை வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அப்போது எந்த எச்சரிக்கை மதிப்பும் மிச்சமில்லை. குபர்னெட்டீஸிலும் இதே கதை நடந்தது. வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை உள்ளே அனுப்பும் இன்க்ரெஸ் என்ற ஏபிஐ, 1.1 பதிப்பிலிருந்து பீட்டாவாகவே இருந்து 2020 ஆகஸ்டில் 1.19 பதிப்பில்தான் ஜிஏ ஆனது. இடையில் கிட்டத்தட்ட எல்லோரும் அதை உற்பத்திச் சூழலில், அதாவது உண்மையான பயனர்களுக்கு ஓடும் இடத்தில், ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒரு பீட்டா ஏபிஐ குறிப்பிட்ட காலத்துக்குள் ஜிஏ ஆக வேண்டும், அல்லது புதிய பீட்டாவாக மாற வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட வேண்டும் என்று விதி போட்டார்கள். 2022இல் வந்த 1.24 முதல், புதிய பீட்டா ஏபிஐகள் இயல்பாகவே இயங்கும் நிலையில் வருவதில்லை. வேண்டுமென்றால் நீங்களே இயக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது முடிவுதான். ஆவணத்தில் ஒரு எச்சரிக்கை வரி எழுதுவதைவிட, பயனரே கையால் ஒரு சுவிட்சைப் போட வைப்பது நூறு மடங்கு நேர்மையானது, ஏனென்றால் சுவிட்சைப் போடாமல் இருப்பவர் தெரியாமல் சிக்கிக்கொள்ள வழியே இல்லை.

ஜாவா என்ற நிரல் மொழி இதை இன்னும் கறாராகச் செய்கிறது. அங்கே முன்னோட்ட வசதி என்று ஒரு நிலை உண்டு. அதைப் பயன்படுத்த, நிரலைத் தொகுக்கும்போதும் (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போதும்) ஓட்டும்போதும் தனியாக ஒரு தேர்வைக் கொடுக்க வேண்டும், அதோடு அப்படித் தொகுத்த கோப்பு அதே பதிப்பு ஜேடிகேயில் (ஜாவாவின் கருவித்தொகுப்பில்) மட்டும்தான் ஓடும், அடுத்த பதிப்பில் ஓடாது. முதலில் இதைப் பார்த்தபோது ஏன் இவ்வளவு கெடுபிடி என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் கதை நடந்தது. எழுத்துச் சரத்துக்குள் மாறிகளை நேரடியாகச் செருகும் அந்த வசதி ஜாவா 21இலும் 22இலும் முன்னோட்டமாக வந்தது, வடிவமைப்பு சரியில்லை என்று முடிவுசெய்து 23இல் அப்படியே எடுத்துவிட்டார்கள். ஏமாற்றம் இருந்தது, ஆனால் யாருடைய உற்பத்தி நிரலும் உடையவில்லை, ஏனென்றால் அதை நம்பி யாரும் எதையும் நீண்டகாலத்துக்குக் கட்டியிருக்கவே முடியாது. "பீட்டாதானே, எடுத்துவிடலாம்" என்று சொல்லும் உரிமை இப்படி முன்கூட்டியே சம்பாதிக்க வேண்டிய ஒன்று. உங்கள் குழு அதைச் சம்பாதிக்கவில்லை, அதுதான் மேலாளர் சொல்வதில் உள்ள பிசகு.

சரி, வெளியிடும் பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் நீக்குவதற்கும் இதே கருவிகள்தான் பயன்படப்போகின்றன.

நிரலை சர்வரில் ஏற்றுவது ஒரு வேலை, வசதியைப் பயனருக்குத் திறந்துவிடுவது வேறொரு வேலை. இரண்டையும் பிரித்து வைப்பதுதான் ஃபீச்சர் ஃப்ளாக். நிரல் ஏற்கனவே அங்கே இருக்கும், ஒரு அமைப்பை மாற்றினால் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் வசதி தெரியும். முதலில் நிறுவனத்துக்குள் இருப்பவர்கள், பிறகு விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள், பிறகு 1 சதவீதம், 5, 20 என்று விரித்துக்கொண்டே போகலாம். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் படிப்படியான வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் தானியங்கிப் புதுப்பிப்பு 7 நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். இந்தச் சதவீதங்களைவிட முக்கியம், ஒவ்வொரு படிக்கும் நடுவில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது. பிழை விகிதம், பதில் வரும் நேரம், உதவிக்குழுவுக்கு வரும் புகார்கள், இவற்றில் எது எவ்வளவு உயர்ந்தால் நிறுத்துவோம் என்று தொடங்குவதற்கு முன்பே எழுதிவைக்கவில்லை என்றால், படிப்படியான வெளியீடு என்பது மெதுவாக நடக்கும் ஒரே வெளியீடுதான்.

படியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு உள்ளடக்கப் புதுப்பிப்பை அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது, விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் உண்டு: அந்த மென்பொருளின் முக்கிய நிரலுக்குப் படிப்படியான வெளியீடு இருந்தது, வாடிக்கையாளர்கள் ஒரு பதிப்பு பின்தங்கி ஓட்டும் வசதியும் இருந்தது. ஆனால் அச்சுறுத்தல்களைக் கண்டறியும் தரவுக் கோப்புகள் அந்தப் பாதையில் போகவில்லை, நேராக எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன. இது நிரல் இல்லையே, வெறும் அமைப்புதானே, வெறும் தரவுதானே என்ற எண்ணம்தான் அங்கே வாசலைத் திறந்துவிட்டது. உங்கள் குழுவிலும் அப்படி ஒரு பக்கவாசல் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

ரோல்பேக் பற்றி ஒன்றே ஒன்று. ஃப்ளாகை அணைத்தால் பழைய நிலைக்குப் போய்விடலாம் என்பது, புதிய வசதி தரவுத்தளத்தில் எதையும் எழுதாதவரைதான் உண்மை. புதிய நிரல் புதிய வடிவத்தில் ஆயிரம் பதிவுகள் எழுதிவிட்டது, பழைய நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்றால், திரும்பிப் போக வழி இல்லை. அதனால் முதலில் பழைய நிரலுக்கு இரண்டு வடிவத்தையும் படிக்கச் சொல்லிக்கொடுத்து அதை எல்லா இடத்திலும் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் புதிய வடிவத்தில் எழுதத் தொடங்க வேண்டும்.

அப்புறம், வேலை முடிந்த ஃப்ளாகை நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும். கேட்க எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை இதற்காகவே புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். பவர் பெக் என்ற பழைய வசதி ஒன்றை அவர்கள் 2003க்குப் பிறகு பயன்படுத்தவே இல்லை, ஆனால் அதன் நிரல் சர்வர்களில் அப்படியே இருந்தது. புதிய வசதி ஒன்றை எழுதியபோது, பழையதை இயக்கப் பயன்பட்ட அதே ஃப்ளாகைப் புதியதற்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் ஃப்ளாக், செத்துப்போனதாக நினைத்த பவர் பெக்கை எழுப்பிவிட்டது, அது நிறுத்தாமல் பங்குகளுக்கு ஆர்டர் போட்டுக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நடுவில் இன்னொரு கொடுமையும் நடந்தது: பிரச்சினை புதிய நிரலில்தான் என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள், அதனால் அவற்றிலும் பழையது விழித்துக்கொண்டது. இதை வெறும் ஏற்றும்போது வந்த தவறு என்று சொல்லிவிட முடியாது. ஒரு வசதியைப் பயன்படுத்துவதை நிறுத்தியவர்கள், அதை நீக்கும் வேலையைச் செய்யவே இல்லை. நான் வேலை செய்யும் குழுவில் இப்போது ஃப்ளாகை உருவாக்கும்போதே யார் பொறுப்பு, எந்தத் தேதியில் போக வேண்டும் என்ற இரண்டையும் எழுதாமல் உருவாக்கவே முடியாது. தேதி தாண்டினால் சோதனைகள் தோற்கும்படி செய்திருக்கிறோம்.

ஜிஏ ஆன பிறகு நடப்பதைப் பற்றி ஒரு விஷயம். ஹைரம் ரைட் என்ற பொறியாளர் பெயரால் ஹைரம் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள்: பயனர்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டில்லை, உங்கள் வசதி வெளியே காட்டும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். பிழைச் செய்தியின் வாசகத்தை வெட்டிப் படிக்கும் நிரல், பட்டியல் தற்செயலாக வரிசையில் வருவதை நம்பும் நிரல், இதெல்லாம் நான் நேரில் பார்த்தவை. கோ மொழியை உருவாக்கியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, மேப் என்ற தரவு அமைப்பைச் சுற்றிவரும்போது வரும் வரிசையை வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கலைத்துவிட்டார்கள். வாக்குக் கொடுக்காத ஒன்றை நம்பவே முடியாதபடி செய்வது, பின்னால் வரும் பல தலைவலிகளைத் தவிர்க்கும். உங்கள் ஏற்றுமதிக் கோப்பில் நெடுவரிசைகள் எந்த வரிசையில் வரும் என்று ஆவணத்தில் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஆனால் நிச்சயம் யாரோ "மூன்றாவது நெடுவரிசை" என்று நிரல் எழுதி வைத்திருப்பார்.

இனி ஒரு வசதிக்கு ஓய்வு கொடுப்பது பற்றி. டெப்ரிகேட் செய்வது என்றால் நீக்குவது என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டெப்ரிகேட் என்பது "இதை இனி புதிதாக யாரும் எடுக்காதீர்கள், இருப்பவர்கள் மாறத் தொடங்குங்கள்" என்ற அறிவிப்பு மட்டும்தான், வசதி முன்பு போலவே முழுதாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதை எப்போது நீக்குவோம் என்பது தனிக் கேள்வி. ஜாவாவில் ஒரு த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையை) வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஸ்டாப் என்ற முறை ஆபத்தானது என்று 1998இல் வந்த 1.2 பதிப்பிலேயே டெப்ரிகேட் செய்தார்கள். அது நிஜமாகச் செயல்படுவதை நிறுத்தியது 2023இல், ஜேடிகே 20இல். அந்த இருபத்தைந்து வருடத்தில் ஜாவா நிரலாளர்கள் டெப்ரிகேட் எச்சரிக்கையைக் கண்டால் கடந்து போவதற்குப் பழகிவிட்டார்கள், நானும்தான். அதனால்தான் ஜாவா 9இல் அந்தக் குறிப்புக்கு இரண்டு புது விவரங்கள் சேர்த்தார்கள்: எந்தப் பதிப்பிலிருந்து, நிஜமாகவே நீக்கப்போகிறோமா இல்லையா. நீக்கப்போகிறோம் என்று குறித்தால் எச்சரிக்கையும் கடுமையாக வரும்.

எச்சரிக்கை யார் கண்ணில் படுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பைத்தான் என்ற நிரல் மொழியில் டெப்ரிகேஷன் எச்சரிக்கைகள் 2.7, 3.2 பதிப்புகளிலிருந்து இயல்பாக மறைக்கப்பட்டன, நிரலைப் பயன்படுத்தும் சாதாரண ஆளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில். விளைவு, நிரல் எழுதுகிறவரும் அதைப் பார்க்கவில்லை. 2018இல் வந்த 3.7இல், நேரடியாக ஓட்டும் நிரலிலிருந்து வரும் எச்சரிக்கையையாவது மீண்டும் காட்டத் தொடங்கினார்கள். பைத்தானோடு வரும் கலெக்ஷன்ஸ் தொகுப்பில் இருந்த சில பெயர்கள் 2012இலேயே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன, பழைய பெயரை 3.9இல் நீக்குவதாக இருந்து, உடையும் தொகுப்புகள் அதிகம் என்று தள்ளிவைத்து, 2021இல் 3.10இல்தான் நீக்கினார்கள். ஒன்பது வருட அவகாசம். அப்படியும் அந்த வாரம் எத்தனை தொகுப்புகள் உடைந்தன என்று அந்த நேரத்தில் பைத்தானில் வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் கண்ணில் படாத அறிவிப்பு எத்தனை வருடம் இருந்தாலும் அவருக்கு அது அவகாசமே இல்லை.

தேதி என்றதும் பைத்தான் 2 பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2.7க்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்தது, 2014இல் அதை 2020 வரை நீட்டித்தார்கள், 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. தேதி நீண்டதால்தான் மக்கள் மாறினார்கள் என்று நான் நினைக்கவில்லை, வழி சரியானதால்தான் மாறினார்கள். ஆரம்பத்தில் ஒரே பாய்ச்சலில் மொத்த நிரலையும் 3க்கு மாற்றிவிடுங்கள் என்பது போல இருந்தது, யூனிகோடு சரத்துக்கு முன்னால் போடும் யூ என்ற எழுத்தைக்கூட 3.0இல் தூக்கியிருந்தார்கள். 2012இல் வந்த 3.3 அதை மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் இரண்டு பதிப்பிலும் ஓடும் ஒரே நிரலை எழுதுவது அதனால் எளிதானது. பெரிய தொகுப்புகள் மெதுவாக, பயனர்களை விட்டுவிடாமல் மாற முடிந்ததற்கு இப்படிப்பட்ட சின்ன விட்டுக்கொடுத்தல்கள்தான் காரணம். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒரு காலம் இல்லாமல் யாரையும் நகர்த்த முடியாது.

இன்னொரு பக்கம், தேதியை மாற்றாமல் நின்றதற்கு உதாரணம், இணையப் பக்கங்களில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃப்ளாஷ். 2017 ஜூலையில் அடோபி அறிவித்தது, பெரிய உலாவி நிறுவனங்களும் அதே நாளில் தங்கள் அட்டவணையைச் சொன்னார்கள், 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு நின்றது, 2021 ஜனவரி 12 முதல் அந்த நிரலே தன் உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. மூன்றரை வருட அவகாசம், ஒரே தேதி. குரோம் உலாவியில் மூன்றாம் தரப்பு குக்கிகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளங்கள் உலாவியில் வைக்கும் சிறு தரவுகளை) நிறுத்தும் கதை இதற்கு நேர் எதிர்: 2020 ஜனவரியில் இரண்டு வருடத்துக்குள் என்றார்கள், பிறகு 2023, பிறகு 2024, பிறகு 2025, கடைசியில் 2024 ஜூலையில் திட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். அதற்கு ஒழுங்குமுறை அமைப்புகளின் கேள்விகள் உட்படப் பல காரணங்கள் உண்டு, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் முதல் தேதியை நம்பி உழைத்தவர்கள் நஷ்டப்பட்டார்கள், காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அடுத்த முறை ஒரு தேதி சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் தேதி சொல்வதற்கு முன் நிறைய யோசியுங்கள், சொன்ன பிறகு நகர்த்தாதீர்கள்.

அறிவிப்பில் எது மாறாது என்பதையும் சொல்லுங்கள். 2020 டிசம்பரில் குபர்னெட்டீஸ் 1.20 வந்தபோது டாக்கர்ஷிம் என்ற உள் இணைப்புப் பகுதியை டெப்ரிகேட் செய்தார்கள். படித்தவர்களில் பாதிப் பேர், தாங்கள் டாக்கர் என்ற கருவியால் உருவாக்கிய படிமங்கள் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதிகள்) எல்லாம் ஓடாது என்று பயந்துவிட்டார்கள். அது உண்மை இல்லை, படிமங்கள் முன்பு போலவே ஓடும், மாறியது உள்ளே இருக்கும் ஒரு பாலம் மட்டும்தான். பதற வேண்டாம் என்று தனியாக ஒரு விளக்கமே எழுத வேண்டி வந்தது. 2022 மே மாதம் 1.24இல் அது நிஜமாகவே நீங்கியபோது பெரிய கலவரம் எதுவும் இல்லை.

இனி நான் செய்த ஒரு தவறு. பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு இடத்தில், ஒரு அறிக்கை ஏபிஐயை யாராவது அழைக்கிறார்களா என்று 30 நாள் லாக் (அழைப்புகளின் பதிவேடு) பார்த்தேன். ஒரு அழைப்புகூட இல்லை. நிம்மதியாக நீக்கினேன். நான்கு மாதம் கழித்து கணக்குக் குழுவிலிருந்து ஒருவர் வந்து நின்றார்; அவர்கள் அதை வருடத்துக்கு ஒரே ஒரு முறை, ஆண்டு இறுதிக் கணக்கை முடிக்கும்போது ஓட்டுவார்கள். நிரல் கோப்புகளின் வரலாற்றிலிருந்து பழையதைத் தோண்டியெடுத்து, இடையில் மாறிப்போன தரவுத்தளத்தோடு பொருத்தி ஓட வைக்க இரண்டு இரவு ஆனது, அவருக்கு அந்த இரண்டு நாள் எப்படிப் போயிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அதன் பிறகு நான் இரண்டு கேள்வி கேட்கிறேன்: யார் பயன்படுத்துகிறார்கள் என்பதோடு, எவ்வளவு இடைவெளியில் பயன்படுத்துகிறார்கள்? ஏற்றுமதி போன்ற வசதிகளுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவை மாத இறுதி, காலாண்டு இறுதி, தணிக்கை என்ற தாளத்தில்தான் பயன்படும்.

லாகில் தெரியாதவர்களையும் மின்னஞ்சல் படிக்காதவர்களையும் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு, தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) செயல்களுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியது. அதற்கு முன்பே ஜூன், ஜூலை மாதங்களில் முன்கூட்டியே அறிவித்த நாட்களில் சில மணி நேரம் மட்டும் நிறுத்திவிட்டு மீண்டும் திறந்துவிட்டார்கள். அறிவிப்பைப் படிக்காத தானியங்கி நிரல்கள் அப்போது உடையும், யாரோ எழுந்து பார்ப்பார், ஆனால் சில மணி நேரத்தில் எல்லாம் மீண்டும் ஓடும், சரிசெய்ய அவகாசமும் மிச்சம் இருக்கும். முரட்டுத்தனமாகத் தோன்றலாம், ஆனால் ஒரேயடியாக நின்றுபோவதோடு ஒப்பிட்டால் இது பெரிய கருணை. ஏபிஐ என்றால் பதிலோடு வரும் தலைப்புகளில் இந்தத் தேதியில் நிற்கும் என்று எழுதி அனுப்பும் சன்செட் என்ற முறைக்கு 2019 முதலே ஆர்எஃப்சி 8594 என்ற ஆவணம் இருக்கிறது. மனிதர்கள் அதைப் பார்ப்பதில்லை, ஆனால் கண்காணிப்புக் கருவிகளைப் பார்க்கச் சொல்லலாம்.

கடைசியாக நீக்கும்போது, வெளியிட்ட படிகளையே பின்னோக்கி நடங்கள். முதலில் புதிய பயனர்களுக்கு மறையுங்கள், பிறகு எல்லோருக்கும் இயல்பாக அணைத்து, கேட்பவர்களுக்கு மட்டும் ஃப்ளாகால் திறந்துவிடுங்கள், பிறகு முழுவதும் அணையுங்கள், சில வாரம் அமைதியாக இருந்தால் நிரலை நீக்குங்கள், தரவை எல்லாவற்றுக்கும் பிறகு. நிரலை மறுபடி எழுதிவிடலாம், அழித்த தரவை எழுத முடியாது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர், 2013 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, மக்களுக்குக் கோபம் இருந்தாலும் தங்கள் சந்தாப் பட்டியலைத் தரவிறக்கிக்கொண்டு வேறு இடம் போக முடிந்தது. நீக்கிய ஏபிஐ முகவரிக்கு யாராவது வந்தால் அப்படி ஒன்று இல்லை என்று மட்டும் சொல்லும் 404 குறியீட்டைக் கொடுக்காமல், இருந்தது, இப்போது இல்லை என்று சொல்லும் 410ஐக் கொடுத்து, மாற்று எங்கே இருக்கிறது என்பதையும் அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். நீக்கியதன் பெயரையும் எண்ணையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். ப்ரோட்டோபஃப் போன்ற தரவு வடிவங்களில் நீக்கிய புலத்தின் எண்ணை ஒதுக்கிவைக்கவே தனி வசதி இருக்கிறது, நைட் கேபிடல் கதை ஏன் என்று சொல்லிவிடும்.

உங்கள் விஷயத்தில் நான் இப்படிச் செய்வேன். இந்த வாரமே பழைய ஏற்றுமதிக்கு ஒவ்வொரு அழைப்பிலும் எந்த வாடிக்கையாளர் என்று லாக் எழுத வையுங்கள், பழைய லாக் இருந்தால் ஒரு வருடம் பின்னோக்கியும் பாருங்கள். அதை டெப்ரிகேட் செய்ததாக அறிவித்து, புதிய வசதியில் பழைய கோப்பின் அதே நெடுவரிசை அமைப்பைத் தரும் ஒரு தேர்வைச் சேருங்கள், அது இருந்தால் முக்கால்வாசிப் பேர் எதையும் மாற்றாமல் வந்துவிடுவார்கள். தேதியைக் குறைந்தது ஒரு காலாண்டு இறுதியும், முடிந்தால் ஆண்டு இறுதியும் தாண்டி வையுங்கள். அதற்கு முன் இரண்டு முறை, சொல்லிவிட்டு, சில மணி நேரம் நிறுத்திப் பாருங்கள், மாத இறுதி நாட்களில் மட்டும் வேண்டாம். லாகில் மிஞ்சும் கடைசி நான்கைந்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பாமல் நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். மேலாளர் இவ்வளவு காலம் ஏன் என்று கேட்டால், பழையதை அந்த மாதங்களுக்கு ஓடவிட ஆகும் செலவையும், அது உடைந்தால் உதவிக்குழு எத்தனை அழைப்புகளை எடுக்க வேண்டி வரும் என்பதையும் ஒரே தாளில் அருகருகே எழுதிக் கொடுங்கள். புதிய ஏற்றுமதிக்கு இப்போது நீங்கள் பீட்டா என்று பெயர் வைத்திருந்தால், அந்த முத்திரை எந்தத் தேதியில் நீங்கும் என்பதையும் அதே அறிவிப்பில் எழுதிவிடுங்கள்.